ஒட்டுக்கு மேலே ஒரு மொட்டு

குல்யாஷின் கத்தி, ஆப்பிள் குச்சியின் அடியை ஒரே இழுப்பில் சாய்வாகச் சீவியது. இரண்டாவது இழுப்பு கூடாது. வெட்டு மேடுபள்ளமாகிவிடும், ஒட்டாது. பனியில் கருகாமல் தப்பிய குச்சி இது ஒன்றுதான்.

பெரியவர் துர்சின் வீட்டு அபோர்ட் ரக ஆப்பிள் மரம் குளிர்காலக் காற்றில் வேரோடு சாய்ந்துவிட்டது. தல்கர் ஊர்ப் பக்கத்தில் அவ்வளவு பெரிய பழம் தந்த மரம் வேறு இல்லை. மிச்சம் இந்தக் குச்சிதான்; வேறொரு செடியின் வேர்மேல் இதை ஒட்டினால்தான் இனி மரம்.

"குட்டை வேர்ச்செடியில ஒட்டு, தங்கச்சி. மூணாம் வருசமே காய்க்குமாம். சந்தையில ஒருத்தன் சொன்னான்" என்றார் துர்சின்.

"காய்க்கும்ணே. ஆனா காலம்பூரா கம்பு நட்டுத் தாங்கணும், தண்ணி காட்டணும். உங்க சரிவுல அது ஆகுமா? அபோர்ட் பழத்துக்குப் பருமனும் வராது. மலைக்காட்டு ஆப்பிள் வேருதான் இதுக்குத் தோது."

"அது காய்க்கிறதுக்குள்ள நான் மண்ணுக்குள்ள போயிருவேன்."

"போன வருசமும் இதையேதான் சொன்னீங்க. இன்னும் குதிரையை விட்டு எறங்கல."

துர்சின் சிரித்துவிட்டார். குல்யாஷ், தொட்டியில் மலை விதையிலிருந்து முளைத்து நின்ற வேர்ச்செடியைப் பிளந்து, பட்டைக்கு நேராகப் பட்டை பொருந்தும்படி குச்சியைச் செருகினாள். நாடா சுற்றி மெழுகு பூசினாள். யாரும் சொல்லிக் கொடுத்த வேலையல்ல. காய்ந்துபோன ஒட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துப் பிடிபட்டது.

வசந்தத்தில், அவள் இல்லாத நேரம் துர்சின் வந்து எட்டிப் பார்த்தார். பச்சைத் தளிர்! கைக்குழந்தையையோ புதுப்பெண்ணையோ முதன்முதலாகப் பார்ப்பவர் பரிசு வைக்காமல் போகும் வழக்கம் அங்கே இல்லை. செடிக்கும் வைத்தார். தொட்டியில் ஒரு பட்டுச் சால்வையைச் சுற்றிவிட்டு, தெருவெல்லாம் மிட்டாய் இறைத்துக்கொண்டே வீடு போனார்.

திரும்பி வந்த குல்யாஷ் குனிந்து பார்த்தாள். தளிர், கட்டுக்குக் கீழே இருந்தது. காட்டுச்செடியின் தளிர் அது. விட்டுவைத்தால் சாறு முழுவதையும் குடித்துவிடும். துர்சினைக் கூப்பிட்டு, அவர் கண்ணெதிரிலேயே அதைக் கட்டைவிரலால் உதிர்த்தாள்.

"அடிப்பாவி! ஊருக்கே மிட்டாய் குடுத்துட்டேனே!"

"நீங்க சீர் வெச்சது பொண்ணுக்கு இல்லண்ணே, கூட வந்த தோழிக்கு. பொண்ணு இன்னும் வெளிய வரல."

"உசுரோட இருக்காளா?"

குச்சியின் பட்டையை நகத்தால் கீறிப் பார்த்தால் தெரிந்துவிடும். கை பரபரத்தது. இருப்பதோ ஒன்று, கீறவில்லை.

ஒரு காலையில் நுனிமொட்டின் செதில் விலகி, உள்ளே வெள்ளி மயிராய் ஏதோ மினுங்கியது. குல்யாஷ் அப்படியே ஈரத்தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டுச் சிரித்தாள், தனியாக. இலை விரியும்வரை யாரிடமும் மூச்சுவிடவில்லை.

இலை உதிர்ந்த பருவத்தில் துர்சின் வந்தார். கன்று அவர் மார்புவரை நின்றது. ஒட்டின் தழும்பை விரலால் தடவிப் பார்த்து, அதற்கு மேலிருந்துதான் தண்டு கிளம்புகிறதா என்றும் பார்த்தார்.

"இந்தத் தடவை மேலதானே?"

"மேலதான்ணே. நடும்போது தழும்பு மண்ணுக்குள்ள போயிடாமப் பாத்துக்கங்க."

அவர் இரண்டு கையையும் நீட்டினார். குல்யாஷ் தொட்டியைத் தூக்கிக் கொடுத்தாள்.