ஏழில் முடிந்த எண்

மலைமேல் சோளக்காடு ஊரில் ரோட்டோரம் குடை விரித்து சிம் கார்டு விற்றவனிடம் அடுத்தடுத்த எண்கள் வரிசையாக இருந்தன. என் மனைவி ஏழில் முடிவதை எடுத்தாள். அடுத்தது எட்டு. "எட்டு நமக்கு ஆகாதுங்க. அதை உட்டுட்டு ஒம்பதை எடுங்க" என்றாள். நான் கணக்கு வாத்தியார். எட்டு என்ன பாவம் செய்தது என்று முணுமுணுத்துக்கொண்டே ஒன்பதை எடுத்தேன்.

பிறகு பொழுது போகாமல் இரண்டையும் பள்ளிக் கணினியில் சோதித்தேன். பகா எண்ணா என்று அறிய, வர்க்கமூலம் வரைக்கும் வகுத்துப் பார்த்தால் போதும். காரணிகள் இருந்தால் சிறியது அதற்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். எதுவும் மாட்டவில்லை. இரண்டுமே பகா எண்கள். இடையே இரண்டுதான் வித்தியாசம். இரட்டைப் பகா எண்கள் என்று பாடத்தில் சொல்வோம். எண்கள் பெரிதாகப் பெரிதாக இப்படி ஜோடி அமைவது அரிது. நடுவில் நிற்கும் எண் மட்டும் ஆறால் வகுபட்டுவிடும். தலைகால் புரியாமல் ஓடிவந்து அவளிடம் சொன்னேன்.

"அப்ப நம்ம நடுவுல உக்காந்திருக்கிறவன் யாருங்க?" என்று கேட்டுவிட்டு மிளகு காயவைக்கப் போய்விட்டாள்.

மிளகு அவள் பொறுப்பு. மூட்டையில் கறுப்புப் பெயிண்டால் போன் எண்ணை எழுதி அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். வியாபாரி அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார். எழுதுவது நான், எண் அவளுடையது.

மஞ்சள் காமாலையில் அவள் இறந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. பள்ளிக்குப் போனேன், வந்தேன். மரவள்ளிக் கிழங்கு வேகவைத்துத் தின்றேன். உப்புப் போட்டேனா என்றுகூடத் தெரியவில்லை. அவள் போனுக்கு ரீசார்ஜ் செய்யத் தோன்றவில்லை. அடுத்த வருஷம் மிளகு வந்தபோது, கை பழகிய எண்ணையே மூட்டைகளில் எழுதினேன்.

ஒரு மத்தியானம் ஆசிரியர் அறையில் என் போன் அடித்தது. திரையில் 'ஊடு' என்று வந்தது. வீட்டை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்; அவள் எண்ணை அந்தப் பெயரில்தான் பதிந்திருந்தேன். எடுத்தேன். ஆண் குரல்.

"ஏனுங்க, வாத்தியாருங்களா? அடிவாரத்துல கொத்தனார் வேலை செய்யறேனுங்க. இது புது சிம்முங்க. எந்நேரமும் மிளகு இருக்குதான்னு கேட்டே போன் வருதுங்க. ஒரு வியாபாரிதான் உங்க நம்பரைக் குடுத்தாருங்க. மூட்டையில மாத்தி எழுதிருங்க, சாமி."

"மாத்திடறேனுங்க" என்றேன். அது எதனாலும் வகுபடாத எண் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன ஆகப்போகிறது?

வீட்டில் மீதமிருந்த மூட்டைகளை வாசலுக்கு இழுத்தேன். மாற்ற வேண்டியது கடைசி இலக்கம் மட்டும்தான். ஏழின் தலையில் ஒரு கோட்டை வளைத்துவிட்டால் ஒன்பது. முதல் மூட்டையில் வளைத்ததும் அது என் எண்ணாகிவிட்டது. அத்தனை பெரிய எண்ணில் அவளுக்கென்று இருந்தது அந்த ஓர் இலக்கம்தான். அப்போதும் அழுகை வரவில்லை. எல்லா மூட்டைகளையும் மாற்றி முடித்தேன்.

போனில் மட்டும் பெயரை மாற்றவில்லை. கொத்தனார் மறுபடி கூப்பிட்டால் 'ஊடு' என்றுதான் வரும். வியாபாரிகள் இப்போது என்னையே கூப்பிடுகிறார்கள். கொத்தனார் கூப்பிடக் காரணமே இல்லை.