இன்டர்வியூவில் 'கன்னா' சொல்லாத வனிதா

போன வாரம் என் மாணவி ஒருத்தி, நான் சொல்லிக்கொடுத்ததில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் இன்டர்வியூவில் ஜெயித்துவிட்டாள். வாழ்த்துவதா, கோபித்துக்கொள்வதா?

கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஓர் உரக்கடை மாடியில் மாலை நேரத்தில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. புதிதாக எதைக் கற்றாலும் அன்று மாலையே யார் தலையிலாவது இறக்கிவைத்தாக வேண்டும். போன மாதம் கற்றது... ஆங்கிலத்தின் சுருக்குச் சொற்கள்.

போர்டில் எழுதினேன். 'கோயிங் டு' என்று பேச்சில் யார் நீட்டுகிறார்கள்? 'கன்னா'. 'வான்ட் டு' என்பது 'வான்னா'. 'காட்டா' என்றால் செய்தே ஆகவேண்டும். 'எனக்குத் தெரியாது' என்பதைச் சோம்பேறித்தனமாகச் சொன்னால் 'டன்னோ'.

"முழுசா பேசினா பாடப்புத்தகம் பேசுற மாதிரி இருக்கும். இப்படிப் பேசினாத்தான் ஃப்ளூயன்ஸி" என்று முழங்கினேன்.

வனிதா தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாள். தியாகதுருகத்துப் பெண். சென்னையில் ஒரு கம்பெனி, வெளிநாட்டு வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசும் வேலை. இரண்டு முறை முயன்று தோற்றிருந்தாள். மூன்றாவதுதான் கடைசி. அதற்குமேல் கூப்பிட மாட்டார்களாம்.

"இந்த வாட்டியும் போச்சின்னா செல்போன் கடையில டெம்பர் கிளாஸ் ஒட்டிக்கினு கெடக்க வேண்டியதுதான் மிஸ்."

"போகாது. பத்து தடவையாவது 'கன்னா' சொல்லு. அசந்துடுவாங்க."

ஒரு வாரம் ஒத்திகை. அவள் "ஐ வான்னா ஜாயின்" என்று சொல்லச் சொல்ல எனக்குப் புல்லரித்தது.

புதன்கிழமை ஆன்லைனில் இன்டர்வியூ. முடிந்ததும் போன் செய்தாள்.

"எத்தனை 'கன்னா' சொன்ன?"

"ஒண்ணுகூட சொல்லல மிஸ்."

"இன்னாடி சொல்ற?"

என் வாயிலிருந்துதான் வந்தது, அந்த 'இன்னா'. பல வருடம் கழித்து!

வனிதா நிதானமாகச் சொன்னாள். "கேள்வி கேட்ட மேடத்த முன்னபின்ன தெரியாது மிஸ். வயசுலயும் பெரியவங்க. நம்ம ஊர்ல அப்பிடி ஒருத்தங்க வந்தா 'இன்னா'ன்னா கேப்போம்? 'என்னாங்க'ன்னுதான கேப்போம். அதான் முழுசாவே பேசிட்டேன்."

"அப்போ நான் ஒரு வாரமா தொண்டை வறள கத்தினது?"

"அது காதுக்கு மிஸ். அப்பறம் ஒரு ரெக்கார்டிங் போட்டாங்க. ஒரு வெள்ளக்காரரு கடகடன்னு கம்ப்ளெய்ன்ட் சொல்லிக்கினே போறாரு. பூரா கன்னா, காட்டா, டன்னோ. போன ரெண்டு வாட்டியும் அங்கதான் முழிச்சேன். இப்போ அத்தினியும் டைப் பண்ணிட்டேன். செலக்ட்டுன்னுட்டாங்க."

வாய் வரை வந்த அதட்டலை விழுங்கிவிட்டு வாழ்த்துச் சொன்னேன்.

அப்புறம் யோசித்தேன். காலேஜ் ஹாஸ்டலில் நான் 'வூடு' என்றதற்குச் சிரித்தார்கள். அன்றோடு 'வூடு', 'இன்னா' இரண்டையும் துடைத்து எறிந்தேன். வெள்ளைக்காரர் வார்த்தையைக் கடித்து விழுங்கினால் ஸ்டைல், நாங்கள் விழுங்கினால் பட்டிக்காடு! எந்தப் பாடத்தில் படித்தேன் இதை? வனிதாவுக்கு 'கன்னா'வும் 'இன்னா'வும் ஒன்றுதான். நெருங்கியவர்களிடம் சொல் சுருங்கும், மற்றவர்களிடம் நீளும். அவ்வளவே.

இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் நானும் பிழைத்திருப்பேன். சுருக்குச் சொல் கற்ற சூட்டோடு ஒரு பள்ளிக்கு ஆசிரியர் வேலை கேட்டுப் போயிருந்தேன். தாளாளரிடம் கால்மேல் கால் போடாத குறையாக, 'கைண்ட் ஆஃப்' என்பதையும் சுருக்கி, "ஐ கைண்டா லைக் டீச்சிங்" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கொஞ்சமாதான் புடிக்குமாம்மா?"

இன்னும் பதில் வரவில்லை.

நேற்று எங்கள் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வனிதா தன் தோழிக்குப் போட்டிருந்தாள்: "கன்னா ஜாயின் மண்டே டி." அடுத்த நிமிடம் எனக்குத் தனியாக ஒன்று: "மிஸ், ஐ ஆம் கோயிங் டு ஜாயின் ஆன் மண்டே. தேங்க் யூ வெரி மச், மிஸ்."

ஓர் எழுத்துகூடக் குறையவில்லை. இத்தனை மரியாதையை நான் எப்போது கேட்டேன்?