தனியாக ஓடி வாங்கிய பரிசு

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்த அந்தப் பெண்ணுக்கு ஹாம் ரேடியோ, அதாவது உரிமம் வாங்கி வானலையில் ஊர் உலகத்தோடு பேசும் பொழுதுபோக்கு, என்றால் உயிர். அவளுடைய ஹாம் ரேடியோ சங்கத்தில் மற்ற எல்லோரும் பணி ஓய்வு பெற்றவர்கள். அதனால் ‘சிறந்த இளம் உறுப்பினர்’ பரிசு வருஷா வருஷம் அவளுக்கே வந்தது.

“தனியா ஓடி முதல்ல வந்துட்டியாக்கும்!” என்று அக்கா சிரித்தாள்.

அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கடைக்கு வந்த கல்லூரிப் பெண்களை மொட்டைமாடிக்கு அழைத்துப்போய், கடலுக்கு அப்பால் இருந்த ஒருவரோடு ரேடியோவில் பேசிக் காட்டினாள்.

“ஐயோ, நிஜமாவே பதில் சொல்றாருடி!”

நான்கு பேர் உரிமத் தேர்வு எழுதிச் சங்கத்தில் சேர்ந்தார்கள். அடுத்த பரிசு அவர்களில் ஒருத்திக்குப் போனது. விழாவில் இவள் கை சிவக்கத் தட்டினாள். வீட்டில் ஒரு வாரம் யாரிடமும் முகம்கொடுத்துப் பேசவில்லை. ரேடியோவில் மட்டும் மணிக்கணக்காகப் பேசினாள், அதுவும் பரிசு வாங்கியவளிடமே.