ஓலை வாசித்த கோல்கீப்பரும் முவைலா லீக்கும்

நோன்பு முடிந்து வெயிலும் கொஞ்சம் இறங்கிவிட்டது. அமீரகத்தில் நம்மூர்க் கல்லூரிகளின் பழைய மாணவர்கள் நடத்தும் கால்பந்து லீக், இந்த 2006 சீசனுக்குத் தயார். முதல் டிவிஷனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் உண்டு. நடுவில் கிடக்கும் இரண்டாம் டிவிஷனை யார் கண்டுகொள்கிறார்கள்? அந்தக் கோபத்தில்தான் போன வெள்ளிக்கிழமை ஷார்ஜாவுக்குக் கிளம்பினேன்.

பர்துபாயிலிருந்து பஸ்ஸுக்கு ஐந்து திர்ஹம். ஷார்ஜாவில் இறங்கி முவைலாவுக்கு டாக்சி, பதினைந்து ஆனது. "மைதான் கிதர் பாய்? காலி ரேத் ஹை" என்றார் பாகிஸ்தான் பட்டாணி டிரைவர். வெறும் மணல்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு பக்கமும் கோல் கம்பம் இருக்கிறதே!

நான்கு அணிகள், முதலிடத்துக்கு மட்டும் மேல் டிவிஷன். திருச்சி அணியிடம் நல்ல ஷூ இருக்கிறது, மூச்சு இல்லை. யாழ்ப்பாணத்தாரின் பாஸிங் அழகு, ஆனால் பாதிப் பேர் கத்தாரின் ராஸ் லஃபானில் வேலை கிடைத்துப் போய்விட்டார்கள். ஆகவே போட்டி நெல்லைக்கும் குமரிக்கும்தான். இரண்டும் முதல் வெள்ளிக்கிழமையே மோதுகின்றன.

குமரியின் பலம் கோல்கீப்பர் சகாயம். நெல்லையின் பலம் ஆன்டனி. ஆன்டனிக்கும் சொந்த ஊர் சகாயத்தின் கடற்கரைக் கிராமமே. படித்தது மட்டும் திருநெல்வேலியில். சகாயம் கட்டிக்கொள்ளப் போவது ஆன்டனியின் தங்கை செலினை. ஊர் மாதா கோவிலில் கல்யாண ஓலை வாசித்து அறிவித்தாயிற்று. அந்த வெள்ளிக்கிழமையை அடுத்த திங்கட்கிழமை கல்யாணம்.

ஆட்டக்காரர்களின் ரூமில் எல்லாரும் பிரியாணியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். குமரி கேப்டன் வில்சன் மட்டும் சாப்பிடவில்லை.

"வியாழக்கெழம ராத்திரி இவனுக்கு பிளைட்டு. வெள்ளிக்கெழம கோல்ல நான் யார நிப்பாட்டுவேன்? இந்த வருசமும் கீழதான் கெடக்கணுமா, அண்ணே?" என்றார் என்னிடம்.

"மாப்பிள்ள முன்னாடியே போனாத்தான மரியாத" என்றான் ஆன்டனி, கோழிக்காலைக் கடித்துக்கொண்டே. டிக்கெட் போட்டது அவன்தான்.

சகாயம் போன் கார்டைச் சுரண்டி செலினைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னான்.

"அண்ணன் என்னைக்கு வாறான்?" என்றாள் அவள்.

ஆன்டனியின் தாடை நின்றது. "வெள்ளிக்கெழம ராத்திரி... ஆட்டம் முடிஞ்சு."

"ஓஹோ! நீ பந்து களிச்சிட்டு வருவா, இவரு களிக்காம வரணுமா? நல்ல அண்ணன்! ஏங்க, நீங்களும் அந்த பிளைட்டுலயே வாங்க. ஆனா அண்ணன் அடிச்ச ஒரு கோலு உள்ள போச்சுன்னு கேட்டேன், கல்யாணத்தன்னைக்குப் பேச மாட்டேன்."

ரூமே சிரிப்பில் அதிர்ந்தது. வில்சன் தட்டை இழுத்துக்கொண்டார். டிராவல்ஸுக்குப் போன் போட்டது ஆன்டனியேதான், முனகிக்கொண்டே. மனசு நிறைந்து நானும் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன்.

பார்க்கப் போகிறவர்களுக்கு: ஜும்மா தொழுகை முடிந்ததும் கிளம்பினால் டாக்சி சுலபம். தண்ணீர் கொண்டுபோங்கள், நிழலைத் தேடாதீர்கள். திரும்பும்போது டாக்சி அரிது. வருகிற டிரைவரையே காத்திருக்கச் சொல்வது நல்லது.

யார் மேலே போவார்கள் என்று கேட்கிறீர்கள். குமரி என்றுதான் என் கணிப்பு. கோல்கீப்பருக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா? எனக்கு ஆன்டனியை நினைத்தால்தான் பாவமாக இருக்கிறது. டிராவல்ஸ்காரர் அவனுக்கும் சகாயத்துக்கும் பக்கத்துப் பக்கத்து சீட் போட்டிருக்கிறார். திருவனந்தபுரம் வரைக்கும் நாலு மணி நேரம்.