திற்பரப்பு ஆமைக்கு மேற்கு எது?

திற்பரப்பு அருவிக்குப் போகிறவர்கள் துண்டோடு போவார்கள். நான் பென்டிரைவோடு போனேன். காலாண்டுத் தேர்வு முடிந்த சனிக்கிழமை அது. என் சித்தி அங்கே ஓர் அரசுப் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்துக் கணினிகள் இருக்கும் அறையை யாரும் திறப்பதில்லை என்பதால், பிள்ளைகளுக்கு வரும் இலவச சைக்கிள்களை அதில் அடுக்கிவிடலாம் என்று தலைமையாசிரியர் முடிவு செய்திருந்தார். சித்தி மன்றாடியதில் ஒரே ஒரு வாய்ப்பு கிடைத்தது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் அன்று மதியத்துக்குள் தாங்களே நிரல் எழுதி எதையாவது செய்து காட்டினால் அறை பிழைக்கும். இல்லையென்றால் திங்கட்கிழமை சைக்கிள் ஏறும்.

நான் பிளஸ் டூ. வீட்டில் எந்நேரமும் கணினியை நோண்டுகிறவன். "நீ செய்யுற சேட்டையில ஒண்ணாவது உபகாரப்படட்டும் மக்கா" என்று சித்தி அழைத்ததைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

வடசேரியில் காலை 7.10க்குப் பேருந்து. குலசேகரம் வரை 33 கிலோமீட்டர், முப்பது ரூபாய். தக்கலை தாண்டியதும் இடப்பக்க ஜன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள், வெயில் படாது. நடத்துநர் துண்டைத் தேடி என் பையைப் பார்த்தார்.

"அருவிக்கா? தோர்த்து எங்க?"

"குளிக்க இல்லண்ணே. கம்ப்யூட்டர் சொல்லிக் குடுக்கவாக்கும்."

"நீயா? பிள்ளைகளுக்கு யாரு துணை?"

நல்ல கேள்விதான். குலசேகரத்தில் மாறி, இன்னொரு பத்து ரூபாய் கொடுத்து, ஒன்பது மணிக்குப் பள்ளி வாசலில் இறங்கினேன்.

ஐந்து கணினிகள் வடக்குச் சுவரோரம், ஐந்து தெற்குச் சுவரோரம். இரு வரிசைப் பிள்ளைகளும் முதுகோடு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றிலும் லினக்ஸ் இயங்குதளம் இருந்தது, கூடவே பைத்தான் என்ற நிரல்மொழியும். இரண்டும் இலவசம் என்பதைவிட, திறந்து பார்த்துத் திருத்தலாம் என்பதுதான் எனக்குப் பிடித்த சங்கதி. பைத்தானில் ஓர் ஆமை உண்டு. சொன்ன பக்கம் கோடு இழுத்துக்கொண்டே நகரும். முதல் பாடத்துக்கு அதைவிடச் சாதுவான பிராணி கிடையாது.

கணினி சொன்னதை மட்டும் செய்யும் என்று புரியவைக்க நிதின் என்ற பையனை ஆமையாக்கி, "முன்னால போ" என்றேன். எவ்வளவு தூரம் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. அவன் கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, குழாயடியில் போய்த் தண்ணீர் குடித்தான்.

"ஏலே, எங்க போற?"

"நிக்கச் சொல்லல்லியே அண்ணே!"

பாடம் ஏறிவிட்டது. ஏறாதது அடுத்தது. "இடப்பக்கம் திரும்பு" என்றால் பிள்ளைகள் விழித்தார்கள். "மேக்கயா, தெக்கயா?" என்று கேட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் சாப்பாட்டு இலையில் உப்பைக்கூடக் கொஞ்சம் கிழக்கே தள்ளி வை என்றுதான் சொல்வோம். எனக்கும் அதுதான் வழக்கம் என்பதால் வம்பு பண்ணாமல் கிழக்க, மேக்க, வடக்க, தெக்க என்று நான்கு கட்டளைகளை நானே எழுதி எல்லாக் கணினியிலும் போட்டேன். பள்ளியிலிருந்து அருவிக்குப் போகும் வழியை வரைய வேண்டும், அதுதான் வேலை. அருவி பள்ளிக்கு மேற்கே, கொஞ்சம் தெற்கே தள்ளி.

வடக்குச் சுவர்க்காரர்கள் பத்து நிமிடத்தில் முடித்தார்கள். தெற்குச் சுவர்ப் பக்கம் சண்டை. "அண்ணே, ஆமை பொய் சொல்லுது" என்றாள் அபிஷா. அவளுடைய வலக்கைப் பக்கம்தான் நிஜ மேற்கு. ஆமையோ திரையின் இடப்பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"வரைபடத்துல வடக்கு எப்பவும் மேல. மேற்கு இடப்பக்கம்" என்றேன்.

"வரைபடத்துலதான? அருவி இந்தாக்க இருக்கு!"

நான் அடுத்த கணினிக்குப் போய்த் திரும்புவதற்குள் அவள் என் கோப்பைத் திறந்து, நான்கு திசைகளிலும் நூற்றெண்பது டிகிரி கூட்டி, தன் வரிசை முழுக்க அதைப் போட்டுவிட்டாள். இப்போது ஐந்து திரைகளில் அருவி இடப்பக்கம், ஐந்தில் வலப்பக்கம். தலைமையாசிரியர் வந்தால் பாதி வகுப்பு தோற்றது என்றுதான் நினைப்பார். சித்தி என் காதில், "மாத்தச் சொல்லு மக்கா, அவரு வந்துருவாரு" என்றார்.

"மாத்த மாட்டேன் டீச்சர். இப்பந்தான் சரியாருக்கு" என்றாள் அபிஷா. அவளுக்குக் காதும் கூர்மை.

12.20க்குத் தலைமையாசிரியர் வந்தார். இரண்டு வரிசையையும் ஒரு நடை நடந்து பார்த்தார். "ஒரே வழி, ரெண்டு விதமாட்டு இருக்கு. எது தப்பு?"

சித்தி என்னைப் பார்த்தார். நான் அபிஷாவைப் பார்த்தேன்.

"ரெண்டும் சரிதான் சார்" என்றாள் அபிஷா. "கோடு போற பக்கம் கைய நீட்டிப் பாருங்க."

வடக்குச் சுவர்த் திரைமுன் நின்று கையை நீட்டினார். திரும்பி, தெற்குச் சுவர்த் திரைமுன் நின்று நீட்டினார். இரண்டு தடவையும் கை ஒரே ஜன்னலைக் காட்டியது. அந்த ஜன்னலுக்கு வெளியே அருவிக்குப் போகும் சாலை. கையை இறக்காமலே அவர் கேட்டார்.

"அப்போ, கிழக்கச் சுவத்தப் பாத்து ஒரு கம்ப்யூட்டர் வச்சா?"

அபிஷா எழுந்து கிழக்குச் சுவரைப் பார்த்து நின்றாள். விரலால் காற்றில் ஏதோ வரைந்தாள். "தொண்ணூறு கூட்டணும் சார்."

"நிச்சயமாட்டா?"

"வச்சுப் பாத்தாத்தான தெரியும்."

அவர் சித்தியிடம் திரும்பினார். "டீச்சர், ஆபீஸ் ரூம்ல சும்மா கெடக்க கம்ப்யூட்டர மேசையோட எடுத்துட்டு வரச் சொல்லுங்க. சைக்கிள் வராந்தாலயே நிக்கட்டும்."

ஒன்றரை மணிக்குப் பதினோராவது கணினி ஓடியது. தொண்ணூறுதான். இனிச் சனிக்கிழமைதோறும் வகுப்பு, அறைச் சாவி சித்தியிடம். அருவியில் நான் குளிக்கவில்லை, கடைசிவரை தோர்த்து கிடைக்கவில்லை.

இதுபோல் சொல்லிக்கொடுக்கப் போகிறவர்களுக்கு: போக வரச் செலவு எண்பது ரூபாய், சாப்பாடு தனி. மென்பொருளுக்குச் செலவில்லை. இணையம் வேண்டாம், பென்டிரைவ் போதும். திருத்தக்கூடிய கோப்பைக் கொடுத்தால் பிள்ளைகள் திருத்துவார்கள், அதற்கு மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். அறைக்குள் நுழைந்ததும் முதலில் வடக்கு எது என்று கேளுங்கள். எங்கள் ஊரில் யாரும் யோசிக்காமல் காட்டுவார்கள்.