ஷட்டில் அரங்கத்துக்கு ஒரு புயல் திட்டம்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஷட்டில் நடுவர். மற்ற ஆறு நாளும் எங்கள் கடலோர ஊரின் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். சோற்றில் கல் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடாமல், அது எந்த ஊர்க் கல் என்று கேட்கிற ஆள் நான் என்பது என் மனைவியின் புகார். பொய்யில்லை.

மூலக்குளத்தில் நாங்கள் விளையாடும் அரங்கத்துக்குப் புயல் திட்டம் எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கும் அந்தக் குணம்தான் காரணம். போட்டி நடத்த அனுமதி கேட்டு நகராட்சிக்குப் போனபோது, காற்று மழை வந்தால் ஆட்களை எப்படிக் காப்பாற்றுவீர்கள் என்று எழுதித் தரச் சொல்லிவிட்டார்கள். எங்கள் கிளப் செயலாளர் பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர். எந்தப் பேச்சையும் 'அவ்வளவுதான்' என்று பிரெஞ்சில் ஒரு 'வொலா' போட்டு முடித்துவிடுவார்.

"உங்க கம்பெனில சைரன் அடிச்சி எல்லாரையும் வெளிய ஓட வுடுவாங்கல்ல? அதையே எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க. வொலா!"

எழுத உட்கார்ந்தவன் முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். தீப்பிடித்தால் வெளியே ஓட வேண்டும், சரி. புயலில் வெளியே ஓடினால் என்ன ஆகும்? பறந்து வருகிற தகரமும் முறிந்து விழுகிற மரமும் வெளியேதானே இருக்கின்றன? அப்படியென்றால் உள்ளேயே இருக்க வேண்டும். உள்ளே என்றால் எங்கே? இருபது வருடமாகப் போய்வரும் கட்டடத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது என்பது அப்போதுதான் உறைத்தது.

கூரை போட்ட வெல்டரைத் தேடிப் பிடித்தேன். டீக்கடையில் நிறுத்தி வைத்துக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டதில் அவர் டீ ஆறிப்போனது.

"காத்து கூரைய அழுத்தும்னுதான நெனைக்கிறீங்க? அழுத்தாது சார், தூக்கும். கதவு ஒடைஞ்சி உள்ள பூந்துச்சின்னா இன்னும் ஜாஸ்தியா தூக்கும். நடுவுல ஒரு தூண்கூட இல்லாத எடம் வேற."

நடுவில் தூண் இருந்தால் எப்படி விளையாடுவது? விளையாட்டுக்கு எது வசதியோ அதுவே புயலுக்கும் வசதி. அன்று முழுவதும் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தேன்.

ஷட்டில்காரர்களுக்குக் காற்று ஜென்ம விரோதி. கதவு ஒரு விரல் திறந்திருந்தாலும் இறகுப் பந்து கோட்டைத் தாண்டிப் போய்விடும். தோற்றவன் அந்தக் கதவைத்தான் குற்றம் சொல்வான். அதனால் பக்கக் கதவின் இடுக்குகளில் டேப் ஒட்டி, அடியில் கோணியைத் திணித்து வைத்திருந்தோம். கண் கூசக் கூடாதென்று ஜன்னல் கண்ணாடிக்கெல்லாம் கறுப்பு பெயின்ட். வெளியே வானம் இடிந்து விழுந்தாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியாது. புயலுக்குப் பயப்படாத நாங்கள் மின்விசிறிக்குப் பயந்துகொண்டிருந்தோம்.

கடைசியில் கேலரிக்கு அடியில் இடம் கிடைத்தது. உடை மாற்றும் அறை. கான்கிரீட் கூரை, ஜன்னல் கிடையாது. உள்ளே கிழிந்த வலையும் உடைந்த கேரம் போர்டும் குவிந்து கிடந்தன. அவற்றை அள்ளிப் போட்டு அறையைக் காலி செய்தோம். வெளியே அடிக்கிற காற்று உள்ளே கேட்கட்டும் என்று டேப்பையும் கோணியையும் பிடுங்கினேன். நான்கு பேர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினால் அன்று போட்டி கிடையாது என்று எழுதினேன். கூண்டு இல்லாத நாளிலும் வாட்ச்மேன் வெளியே நின்று வானத்தைப் பார்க்க வேண்டும், முன்வாசல் கண்ணாடிக் கதவருகே யாரும் நிற்கக் கூடாது, பார்வையாளர்கள் கேலரியிலிருந்து வரிசையாக இறங்கி அறைக்குப் போக வேண்டும் என்றெல்லாம் எழுதினேன். பெற்றோரை வைத்து ஒருமுறை ஒத்திகையும் பார்த்தேன். எனக்கு என்னைப் பற்றி ஏகப்பட்ட பெருமை.

போட்டி நடந்தது வைகாசி வெயிலில். கூண்டு எதுவும் ஏற்றவில்லை. பிற்பகலில் மிச்சமிருந்தது சிறுமியர் இறுதி ஆட்டம் ஒன்றுதான். நான் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது கேம், பதினெட்டுக்குப் பதினாறு. வாட்ச்மேன் ஓடி வந்தார்.

"சார், மேற்கால கருகருன்னு ஏறி வருது. காத்து சுத்துது!"

அவர் சொல்லி வாய் மூடவில்லை, மின்சாரம் போய்விட்டது. பட்டப்பகலில் கும்மிருட்டு. தலைக்கு மேல் தகரம் படபடவென்று அடிக்கத் தொடங்கியது. நாற்காலியிலிருந்து குதித்து, கேலரியைப் பார்த்துக் கத்தினேன்.

"பாக்க வந்தவங்கல்லாம் கீழ ரூமுக்கு வாங்க! செல்லுல லைட் போடுங்க!"

பாதிப் பேர் வந்தார்கள். மீதிப் பேர் கண்ணாடிக் கதவுக்கு ஓடினார்கள், வெளியே நிறுத்திய ஸ்கூட்டர் என்ன ஆனதென்று பார்க்க. நானும் வாட்ச்மேனும் அவர்களைக் கையைப் பிடித்து இழுத்து வந்தோம். அறைக்குள் எல்லோரையும் தள்ளிவிட்டு, திட்டத்தில் எழுதியிருந்தபடி தலைகளை எண்ண ஆரம்பித்தேன். பாதி எண்ணுவதற்குள் ஒரு அப்பா, ஆட்டோ ஓட்டுகிறவர், எழுந்து நின்றார்.

"சார், எம் பொண்ணு எங்க?"

விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பெண்களுமே அறையில் இல்லை.

அறைக்கு வெளியே பாய்ந்து ஓடினேன். செல்போன் வெளிச்சத்தைக் கோர்ட்டுக்குள் அடித்தேன். இரண்டு பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். வலைக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி, கையில் மட்டையோடு. காலியாக இருந்த என் நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சார், போலாமா?" என்றாள் ஆட்டோக்காரர் மகள். பதினொரு வயது.

ஆட்டம் நடக்கும்போது நடுவர் அனுமதி இல்லாமல் கோர்ட்டை விட்டுப் போகக் கூடாது. அது விதி. அன்றைக்கு முதல் கேமில் கேட்காமல் தண்ணீர் குடிக்கப் போனதற்காக இதே பெண்ணுக்கு நான் மஞ்சள் அட்டை காட்டியிருந்தேன். இப்போது தகரம் பிய்ந்துகொண்டிருந்தபோது பார்க்க வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டேன். ஆட்டம் நிறுத்தம் என்று மட்டும் சொல்லவில்லை. என் திட்டத்தில் கூண்டு இருந்தது, கண்ணாடி இருந்தது, வாட்ச்மேன்கூட இருந்தார். விளையாடுகிறவர்களைப் பற்றி ஒரு வரி இல்லை. அவர்கள் தாமாக வந்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

"ஓடு!" என்று அலறி இருவரையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அறைக் கதவைச் சாத்தினோம். கொஞ்ச நேரத்தில் பெரிய சத்தம் கேட்டது. காற்று அடங்கியதும் போய்ப் பார்த்தோம். கூரையில் இரண்டு தகடு இல்லை. கோர்ட்டில் மழைத் தண்ணீர். பின்கோட்டின் மேல் ஒரு விளக்குச் சட்டம் கண்ணாடி சிதறி விழுந்து கிடந்தது. ஆட்டோக்காரர் மகள் நின்ற இடத்துக்கும் அதற்கும் இரண்டு எட்டுத்தான் இருக்கும்.

"நாமதான் நடுவர் சொல்லாம நகரக்கூடாதுன்னு பழக்கி வெச்சிருக்கோம் சார்" என்றார் அவள் அப்பா. அவர் குரலில் பெருமைதான் இருந்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அன்று இரவு சாப்பிடாமல் படுத்தேன்.

கூரை மாற்றிய பிறகு பிள்ளைகளுக்கு மட்டும் ஒரு ஒத்திகை வைத்தேன். மணி அடித்தால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு அறைக்குப் போக வேண்டும், யாரையும் கேட்கக் கூடாது, என்னையும்கூட என்று சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நான்கு கோர்ட்டிலும் விளையாட விட்டு, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். வாட்ச்மேன் மணி அடித்தார்.

ஆட்டம் நின்றது. அத்தனை பிள்ளைகளும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். போங்கள் என்று சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் கெட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒருவரும் அசையவில்லை.

பிறகு ஆட்டோக்காரர் மகள் குனிந்து மட்டையைத் தரையில் வைத்தாள். அறையைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். என் நாற்காலியைத் தாண்டும்போது, நிற்காமலே, "சாரி சார்" என்றாள்.