எடைமேடைக்காரரின் கோபம்

பிக்கப் வண்டியின் பின்னால் படுக்கை, அடுப்போடு ஒரு சின்ன அறை கட்டி, குடும்பத்தோடு ஊர் சுற்ற ஆசைப்பட்டேன். ரேணிகுண்டா பட்டறைக்காரர் கட்டித் தந்தார். கிளம்பும் முன் எடைமேடையில் வண்டியை ஏற்றினேன்.

அங்கிருந்தவர் ஒல்லியான மனிதர். எந்த வண்டி வந்தாலும் டயரைக் கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் எடை போடுவார். என் வண்டியின் ஆர்சி புத்தகத்தை வாங்கிக் கணக்குப் போட்டார்.

“வண்டி தாங்கறது ஆயிரத்து இருநூறு கிலோ. பொட்டி மட்டுமே ஆயிரத்து நூறு கீது. தண்ணி, சிலிண்டர், நீங்க நாலு பேரு, இதெல்லாம் எங்க ஏத்துவீங்க?”

“தாங்கும்னு பட்டறைல சொன்னாங்களே.”

அவர் முகம் சிவந்தது. எடைமேடை அறையைப் பூட்டிவிட்டு வண்டியைப் பட்டறைக்கு விடச் சொல்லி என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பட்டறையில் நேராக முதலாளியிடம் போனார்.

“உன் புள்ளைங்கள இதுல ஏத்திக்கினு மலை எறங்குவியா? சொல்லுப்பா.”

முதலாளி இரும்புச் சட்டத்தைக் கழற்றி அலுமினியத்தில் மாற்றித் தர ஒப்புக்கொண்டார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன்.

“படிச்சவருதான நீங்க? கேக்க மாட்டீங்களா?” என்று என்னையும் முறைத்துவிட்டு ஆட்டோ ஏறிப் போய்விட்டார்.

என் பிள்ளைகளுக்காக நான் பட்டிருக்க வேண்டிய கோபம் அது. முன்பின் தெரியாத அவருக்கு அது எப்படி வந்தது என்று இன்றும் யோசிக்கிறேன்.